நாலு விரல் இடப்பக்கம்

எங்கள் சித்திக்குத் திசை தெரியாது. ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வரும் வழியையே இரண்டு முறை கோட்டைவிட்டவள். தங்கச் சுரங்கத்துக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் யார்தான் கண்டுபிடிப்பார்கள் என்பது அவள் வாதம். அப்படிப்பட்டவளிடம்தான் காட்டில் வழி கண்டுபிடிக்கும் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பொறுப்பைப் பள்ளிக்கூடம் ஒப்படைத்தது.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, நான் ஏழாவது படித்த பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்த்தாள். தற்காலிக வேலை. எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு மூன்று வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தாள். பள்ளி நிர்வாகி அவளைக் கூப்பிட்டு, இந்தப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் உன் பெயரை நிரந்தரத்துக்கு எழுதி அனுப்புகிறேன், வராவிட்டால் அடுத்த வருஷத்துக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தார். இது எங்கள் வீட்டுக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். ஆகவே குழுவில் நான் இருந்ததில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. வேறு பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாலும் இழுத்துப் போயிருப்பாள். என்னோடு செல்வி என்ற தோழியும் ராஜன் என்ற பையனும் சேர்ந்தார்கள். ராஜனின் அப்பா மிஷின் தொழிற்சாலையில் இன்ஜினியர் என்பதால் அவன் எதற்கும் கேள்வி கேட்பான்.

போட்டியில் இரண்டு பகுதி. முதலில் இலை, விதை, இறகு ஆகியவற்றைப் பார்த்துப் பெயர் எழுத வேண்டும். பிறகு ஒரு அட்டையும் திசைகாட்டியும் கொடுப்பார்கள். இந்தத் திசையில் இத்தனை அடி என்று அட்டையில் போட்டிருக்கும். அதன்படி நடந்து மரங்களுக்குப் பின்னால் கட்டியிருக்கும் ஐந்து கொடிகளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இலை விஷயத்தில் சித்தியை யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கம், தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டைச் சுற்றி முள்ளைத் தவிர எதுவும் வளராது. எங்களுக்குத் தெரிந்த மரங்கள் வேம்பு, புளி, தைல மரம், அவ்வளவுதான். சித்தி ஆபீசர் பங்களாக்களின் வேலியோரம் நடந்து, எட்டிய இலைகளையெல்லாம் பறித்து வந்து பழைய டெலிபோன் டைரக்டரிக்குள் வைத்து உலர்த்தினாள். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் ஒரு இலையை வைப்பாள். பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் சொன்னால்தான் குழம்பு. அம்மா இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

திசைகாட்டிதான் சிக்கல். பள்ளிக்கூடத்தில் ஒன்றுகூட இல்லை. எங்கள் அப்பாவிடம் ஒன்று இருந்தது.

அப்பா சுரங்கத்தில் சர்வே பிரிவில் வேலை பார்த்தார். சர்வேயர் ஆபீசர்கள் பூமிக்கடியில் லெவல் என்கிற சுரங்கப் பாதைகளில் அளக்கும்போது விளக்கும் கம்பும் பிடித்து நிற்பது அவர் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் அப்படி நின்றிருக்கிறார். ஓய்வுபெற்றுப் போன ஆபீசர் ஒருவர் நினைவாகக் கொடுத்ததுதான் அந்தத் திசைகாட்டி. போட்டி நடந்தது சுரங்கத்தை மூடுவதற்கு முந்தைய வருஷம். கீழே அளப்பதற்குப் புதிதாக எதுவும் இல்லை. அப்பா ஷிப்டுக்குப் போவார், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குவார், உட்கார்ந்திருந்துவிட்டு ஏறி வருவார். வீட்டில் அவர் பேச்சு குறைந்துபோயிருந்தது. படித்த மச்சினிச்சி வந்து, "மாமா, இந்தப் பசங்களுக்கு நீங்கதான் சொல்லித் தரணும்" என்று கேட்டதும், அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தது.

மைசூர் மைன்ஸ் பக்கம், பழைய தண்டவாளங்கள் கிடந்த மைதானத்தில் பயிற்சி. அப்பா திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"முள்ளு பொய் சொல்லும். இரும்பு பக்கத்துல இருந்தா அது அந்தப் பக்கம் சாயும். அத நம்பி நடந்தீங்கன்னா செவுத்துல போய் முட்டிக்குவீங்க. முள்ளு காட்ற பக்கம் கைய நீட்டு. நாலு வெரல வெச்சு இடப்பக்கம் தள்ளு. அதான் நெசமான தெசை."

சொன்னதை நிரூபித்தும் காட்டினார். முள் சொன்னபடி நடந்தால் அவர் நட்ட குச்சிக்கு வலப்பக்கம் எங்கோ போய் நின்றோம். நாலு விரல் தள்ளி நடந்தால் குச்சி காலில் இடித்தது. பத்துத் தடவை நடந்தோம், பத்துத் தடவையும் சரி. சித்தி தன் நோட்டில் 'நாலு விரல், இடப்பக்கம்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

ராஜன் வழக்கம்போல் கையைத் தூக்கினான். "இரும்பு இல்லாத எடத்துல இன்னா பண்றது அங்கிள்?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. "இரும்பு இல்லாத எடம் எங்கடா கீது?"

நாங்களும் சிரித்தோம். தண்டவாளம், பைப்பு, கேஜ், கம்பிக்கயிறு என்று அவர் வாழ்நாள் முழுக்க இரும்புக்கு நடுவிலேயே நின்றவர். ராஜனின் கேள்வி எங்கள் யாருக்குமே கேள்வியாகப் படவில்லை.

போட்டி பேத்தமங்களா ஏரிக்கு அப்பால், மரம் வளர்த்து வைத்திருந்த ஒரு காட்டில் நடந்தது. இலைப் பகுதியில் நாங்கள் ஒன்றே ஒன்றைத்தான் விட்டோம். மற்றப் பள்ளிகளின் ஆசிரியர்கள் சித்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகத்தை அவ்வளவு மலர்ச்சியாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிறகு அட்டையைக் கொடுத்தார்கள். முதல் கொடி பக்கத்திலேயே இருந்ததால் தப்பித்தோம். இரண்டாவது கொடிக்கு முந்நூறு அடி. கையை நீட்டி, நாலு விரல் வைத்து, இடப்பக்கம் தள்ளி, அடி எண்ணிக்கொண்டே நடந்தோம். காடு முடிந்து ராகி வயல் வந்துவிட்டது. கதிர் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எங்களைத் தெலுங்கில் என்னவென்று கேட்டாள். பதில் சொல்லாமல் திரும்பி ஓடினோம். அவசரத்தில் விரல் சரியாக வைக்கவில்லை என்று செல்வி என்னைத் திட்டினாள். இந்த முறை மிகுந்த கவனத்தோடு, விரல் நடுங்காமல் வைத்து நடந்தோம். அதே அம்மாள். மூன்றாவது முறை நாங்கள் வருவதற்கு முன்பே அவள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். விசில் ஊதிவிட்டார்கள். கடைசிக்கு முந்தின இடம் எங்களுக்கு.

போட்டி நடத்திய பெரியவர் ஒருவர் எங்களைக் கவனித்திருக்கிறார். சித்தியிடம் வந்து, பிள்ளைகள் ஏன் ஒவ்வொரு தடவையும் முள்ளைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி விரல் வைக்கிறார்கள் என்று கன்னடத்தில் கேட்டார். சித்தி விளக்கினாள். அவர் திசைகாட்டியை வாங்கி அவள் கையில் வைத்து, "இங்கே இரும்பு எங்கேம்மா இருக்கிறது? இங்கே முள் சொல்வதுதான் சரி" என்றார். சித்தி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. விஷயம் புரிந்துவிட்டது. அப்பாவுக்கு இவ்வளவு பெரிய செய்தியைக் கொண்டுபோகலாம், கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தோற்றதுகூட மறந்துபோயிற்று.

ஏரிக்கரையில் எலுமிச்சைச் சோற்றைப் பிரித்துக் கொடுக்கும்போது சித்தி சொன்னாள்: "நாலு வெரல் பேச்ச யாரும் எடுக்கக் கூடாது. எங்க வீட்லயும் சரி, ஸ்கூல்லயும் சரி. அடி கணக்கு நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். அதான் நடந்தது. இன்னா?"

"அப்பாகிட்ட மட்டும் சொல்லலாம்ல?" என்றேன்.

"அவருகிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாது" என்று என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னால் முட்டிபோட வைப்பவள் அவள்தான்.

அப்பா பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தார். சித்தி ஒப்பித்ததைக் கேட்டதும் முதலில் வருத்தப்பட்டார். பிறகு அவர் தோள் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. "தெசை சரியாதான வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். "தெசைல ஒண்ணும் கொறை இல்ல மாமா" என்றாள் சித்தி. அன்று சாயங்காலமே அப்பா லைன் முழுக்கச் சொல்லிவிட்டார். அவர் சொல்லிக்கொடுத்தது கரெக்டாக இருந்தது, படித்தவர்கள் கணக்கில் விட்டுவிட்டார்கள் என்று. கேட்டவர்கள் சித்தியைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். நிர்வாகியிடமும் அவள் அதே அடி கணக்கைத்தான் சொன்னாள். அவர் எதையும் எழுதி அனுப்பவில்லை.

ஆண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் சித்தி பெங்களூருக்குக் கிளம்பினாள். யாரோ ஒரு தெரிந்தவர் மூலம் துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. டீச்சர் வேலைக்குப் படித்தவள் சட்டைக்குப் பித்தான் எண்ணப் போகிறாளே என்று அம்மா அழுதாள். அப்பாதான் சித்தியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரிகம் ஸ்டேஷனுக்கு வந்தார். நானும் போனேன். ரயில் வரும்வரை அவளுக்குப் புத்தி சொன்னார்.

"இனிமே ஒரு வேலைய ஒத்துக்கினா, தெரிஞ்சவங்க சொல்றத அப்டியே கேட்டுக்கோ. நடுவுல நம்ம கணக்க உடக் கூடாது. புரியுதா?"

"சரிங்க மாமா" என்றாள் சித்தி.

இப்போதாவது சொல்லுவாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஏறிக்கொண்டாள். ரயில் நகர்ந்தது. அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் பின்னால் போகும்போது, இவ்வளவு படித்தும் சித்திக்கு அப்பாவைக் கண்டால் இப்படி ஒரு பயமா என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒருவர் வாயை மூடிக்கொண்டிருக்க, பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.