வெட்டாமல் விட்ட புல்

சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, செம்பவாங் பக்கம் உள்ள ஒரு திறந்த புல்வெளியில் இது நடந்தது. இடுப்பளவு வளர்ந்த லாலாங் புல், காற்றடித்தால் மொத்தமாகச் சாய்ந்து மொத்தமாக எழும் இடம் அது. என் மனைவி அங்கே மறைத்துவைத்திருந்த ஒரு பெட்டியை எடுத்துவரத் தனியாகப் போயிருந்தேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு அவளைப் பிடித்துக்கொண்ட விளையாட்டு ஜியோகேச்சிங். ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்காவது ஒளித்துவைத்து, இடத்தின் குறிப்பை இணையத்தில் இடுவார். முன்பின் அறியாதவர்கள் கைப்பேசியின் துணையோடு தேடி வந்து, உள்ளே இருக்கும் பொருளொன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டுப் போவார்கள். ஞாயிறு காலைகளில் நாங்கள் இந்த ஊரின் பூங்காக்களையும் புல்வெளிகளையும் நடந்தே தீர்த்தோம். நான் வழி சொல்ல முற்பட்டால், "நீங்க குடைய மட்டும் பிடிங்க லா, பெட்டிய நான் பாத்துக்கிறேன்" என்பாள்.

பிறகு அந்தப் புல்வெளியில் தானே ஒரு பெட்டி வைத்தாள். சிராங்கூன் சாலைக் கடையொன்றில் வாங்கிய குங்குமச் சிமிழ்தான் அதில் அவள் இட்ட முதல் பொருள். தேடி வந்தவர்கள் பல நாட்டு நாணயங்களை விட்டுச் சென்றார்கள். யாரோ ஒரு குழந்தை கை பிய்ந்த துணிப்பொம்மையை வைத்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் கையை நாலைந்து ஊக்குகளால் குத்திச் சேர்த்து, மீண்டும் உள்ளே வைத்தவளும் என் மனைவிதான்.

அந்த வெளியில் வீடுகள் வரப்போகும் செய்தி வந்தபோது அவள் மருத்துவமனையில் இருந்தாள். "பெட்டிய எடுத்துடுங்க. குப்பையோட போயிடக் கூடாது" என்றாள். அதன் பின் அவள் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து நான் போய் நின்றபோது, புல்வெளியே இல்லை. இயந்திரங்கள் வைத்து வெட்டித் தள்ளியிருந்தார்கள். அரைபட்ட புல்லின் வாசம் மட்டும் கனமாக எழுந்தது. அந்தக் கத்திகளின் முன் ஒரு பிளாஸ்டிக் பெட்டி என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. திரும்பிவிடத்தான் நினைத்தேன்.

அப்போதுதான் அதைக் கண்டேன். வெட்டவெளியின் நடுவே, ஒரு கொத்து லாலாங் மட்டும் வட்டமாக, முழு உயரத்தோடு அசைந்துகொண்டிருந்தது. கைப்பேசியின் அம்புக்குறியும் அதையே காட்டியது.

நான் விரைந்து நடக்க, மரநிழலில் அமர்ந்திருந்த புல்வெட்டும் ஊழியர்கள் மூவரில் பெரியவர் எழுந்து கத்தினார்.

"சார், சார்! அங்கிட்டுப் போவாதீங்க. எவனோ செய்வினை வச்சிருக்கான்."

"என்ன வச்சிருக்கான்?"

"பொம்மை சார். உடம்பெல்லாம் ஊசி. குங்குமம், காசு, எல்லாம் இருக்கு. மூடி வழியா தெரியுது. இவன்தான் மொதல்ல பாத்தான். மிஷினப் போட்டுட்டு ஓடுனான் பாருங்க ஓட்டம்!"

"ஓடல சார். தண்ணி குடிக்கப் போனேன்" என்றார் இளையவர்.

"தண்ணி பாட்டில் இங்கதானடா இருந்துச்சு!"

நான் குனிந்து பெட்டியை எடுத்தேன். மூவரும் ஓர் அடி பின்வாங்கினார்கள்.

"பயப்படாதீங்க. இது என் மனைவி வச்சது. ஒரு விளையாட்டு" என்று விளக்கிச் சொன்னேன். ஊக்குகளின் கதையையும் சொன்னேன். பெரியவர் தலையில் கைவைத்துச் சிரிக்கத் தொடங்கினார்.

"நேத்துலேந்து எங்கள இந்தப் பக்கம் அண்டவிடாம பண்ணிட்டாங்களே உங்க வீட்டு அம்மா! சூப்பர்வைசர் வந்து வெட்டுங்கடான்னு கத்துறாரு, எவனும் கிட்டப் போகல."

நானும் சிரித்தேன். அந்த ஓசை எனக்கே அந்நியமாக இருந்தது.

"அம்மா வரலையா சார்?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"வீட்டுக்குப் போனதும் பத்திரமா அம்மா கையில குடுத்துடுங்க. இவன் ஓடுனதையும் மறக்காம சொல்லுங்க."

"தண்ணி குடிக்கப் போனேன்னு சொல்லுங்க சார்" என்றார் இளையவர்.

நான் அவர்களைத் திருத்தவில்லை. சொல்கிறேன் என்றேன். எனக்குப் பின்னால் இயந்திரத்தின் ஓசை எழுந்தது. அந்தக் கொத்து சாய்வதைத் திரும்பிப் பார்க்காமல் சாலைக்கு வந்தேன்.

அன்று மாலை, அவள் படத்தின் முன் பெட்டியை வைத்துவிட்டு, இருவர் கூறியதையும் சொல் மாறாமல் சொன்னேன். அவள் மறைந்த பின் அவளிடம் நான் வாய்விட்டுப் பேசியது அதுவே முதல் முறை. ஆறுதல் சொல்ல வந்த எத்தனையோ பேர், அவள் இல்லை என்பதை எனக்கு மெல்ல உணர்த்த முயன்றிருக்கிறார்கள். அவள் வீட்டில் காத்திருக்கிறாள் என்று நம்பி ஒரு செய்தி கொடுத்தனுப்பியவர்கள் அந்த ஊழியர்கள் மட்டுமே. அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கும் ஏதோ இருந்த அந்த ஒரு மாலைக்கான நன்றி, இன்றும் என்னிடம் அப்படியே இருக்கிறது.