கம்ப்ளெயின்ட் இல்லாத வண்டியும் பாவம் இல்லாத மச்சானும்

பழைய வண்டி வாங்கி விற்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ரிப்பேர் வண்டியை ரிப்பேர் வண்டி என்று சொல்லிக் கொண்டுவருகிற ஆள் அபூர்வம். ஒரகடம் ரோட்டில் கடை போட்டு, பலரிடம் ஏமாந்து, அதைவிடப் பலரிடம் சண்டை போட்டு நான் கற்றுக்கொண்டது இது.

பாலிஷ்

ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு ஒரு தம்பி வந்தான். வண்டி பளபளத்தது. "சிங்கிள் ஓனர்ணே. ஒரு கம்ப்ளெயின்ட்டும் கெடையாது" என்றான். கிக்கரை ஒரு உதை உதைத்தேன். சைலன்சரிலிருந்து கிளம்பிய புகையில் எதிர்க்கடை மறைந்துபோனது. கோபம் வந்தால் எனக்கு நாக்கு நிற்காது. வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆனால் அசரவில்லை. சட்டைக் கையால் டேங்கைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "நீங்க ஏண்ணே புகையப் பாக்குறீங்க? பாலிஷப் பாருங்க."

மச்சானின் ரிஜெக்ட்

என் மனைவியின் அண்ணன் தனசேகர் பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவர். தேறாத பொருளில் சிவப்பு டேக் மாட்டுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை நிற்காது, மனுஷர்களுக்கும் மாட்டுவார். குடி கிடையாது, பொய் கிடையாது, ஓசி டீ கூடக் கிடையாது.

நான் அப்படி இல்லை. குடி, அடிதடி எல்லாம் பார்த்தவன். போக வேறு இடமில்லாமல்தான் பென்னலூர் ஜெபக்கூடத்தில் போய் முட்டி போட்டேன். இயேசு என்னைச் சேர்த்துக்கொண்டார். கோபம் மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை, அது பாட்டுக்குக் குறைந்துகொண்டிருக்கிறது.

மச்சானுக்கு நெஞ்சில் அடைப்பு, ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து மனுஷருக்குத் தூக்கமில்லை. வெளியில் சொல்லமாட்டார், தங்கச்சியிடம் மட்டும், "பயமா கீதும்மா" என்றிருக்கிறார். ஒருநாள் ஜெபத்துக்கு வாங்க என்று கூப்பிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார், சிவப்பு டேக் மாட்டுகிற பார்வை. "அதெல்லாம் உன்ன மாதிரி ஆளுங்களுக்கு மாப்ள. நான் இன்னா தப்பு பண்ணேன், மன்னிப்பு கேக்க?"

மேரியக்கா

பக்கத்துக் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற மேரியக்கா தன் ஸ்கூட்டியை விற்க வந்தார். வண்டியை நிறுத்தும்போதே ஆரம்பித்துவிட்டார்: பிரேக் பிடிக்காது, செல்ஃப் எடுக்காது, ஒருதடவை லாரியில் இடித்திருக்கிறது. நம் தொழில்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். குறை சொல்லி விலையைக் குறைக்கிறவனுக்குக் குறையே மிச்சம் வைக்கவில்லை என்றால் அவன் எதை வைத்துப் பேரம் பேசுவான்? ஏன்க்கா இப்படி எல்லாத்தையும் கொட்டுறீங்க என்று கேட்டேன். "மறைச்சு இன்னாப்பா பண்றது? நீ எப்படியும் ஒதச்சிப் பாக்கத்தான போற."

சீட்டுக்கு அடியில்

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் மச்சான் தன் வண்டியை விற்க வந்தார். இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்த வண்டி. கிக்கரில் கால் வைத்தேன், மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் வண்டியவே செக் பண்றியா?" யார் வண்டியாக இருந்தாலும் பார்ப்பேன் மச்சான் என்றேன். இன்ஜின் பூனை மாதிரி ஓடியது.

சீட்டைக் கழற்றினேன். அடியில் வண்டியையே தாங்குகிற சேசிஸ் துருப்பிடித்துப் பொரிந்திருந்தது. விரலால் தொட்டேன், உதிர்ந்தது. வேறெதுவும் இல்லை, தினமும் ஊற்றிய தண்ணீர்தான். மேலே துடைத்தார், உள்ளே இறங்கியது தேங்கியே நின்றுவிட்டது.

மச்சான் குனிந்து தானும் விரல் வைத்துப் பார்த்தார். "தெனம் தொடச்சனே மாப்ள" என்றார். வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்தில் நான் விலையைப் பாதியாக்கியிருப்பேன். அவரிடம் குத்தலாகச் சொல்லவும் நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. கடித்து விழுங்கினேன். ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன், உட்கார்ந்தார். துரு ஒட்டிய தன் விரலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "ஞாயித்துக்கெழம ஜெபம் எத்தினி மணிக்கு மாப்ள? பின்னால ஒக்கார எடம் கீதா?"

மன்னிப்பைச் சும்மா கொடுக்கிற இடம் என்றால் என்னைப் போல் எல்லாம் தொலைத்த பேரக்காரன் ஓடிப்போய்க் கை நீட்டிவிடுவான். சுத்தமான ஆளுக்குத்தான் பாவம், அங்கே வருவதற்கே முதலில் கையில் ஒட்டிய துருவைக் கண்ணால் பார்க்கவேண்டியிருக்கிறது.