கடைவாயில் ஒரு வில்லை

சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் தலைச்சோலையில், வயதாகி ஞாபகம் மங்கிய மாதப்பனைப் பார்த்துக்கொள்ள வந்தவள் கனகா. வேலைக்குப் போகும் வீடுகளில் எல்லாம் பழைய பித்தளை வில்லை இருக்கிறதா என்று கேட்டு வாங்கிச் சேர்ப்பாள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது, மீதிக் காசுக்குப் பதிலாகக் கடைக்காரர்கள் தங்கள் முத்திரை குத்திக் கொடுத்தவை அவை.

கரடியூரில் கிடைத்த ஒன்றில் வெற்றிலைப் படம் மட்டும் இருந்தது. எந்தக் கடையுடையது என்று பெரியவருக்கு ஞாபகம் வரலாம் என்று அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கஞ்சி எடுக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது கை காலியாக இருந்தது. வலது கன்னம் புடைத்திருந்தது.

கனகா கஞ்சியைக் கீழே வைத்தாள். காப்பிப் பழம் பறிக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் வில்லையைக் கடைவாயில் அடக்கிக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். தெரிந்தும் கொடுத்துவிட்டாள். கஞ்சி குடித்தாலே புரையேறும் மனிதர்.

"ஐயா, வாயத் தொறங்க."

அவர் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். பெரியவரின் மருமகள் மலர் ஓடிவந்தாள்.

"ஐயோ, வாழப்பழம் குடுத்தா உள்ள போயிருமுங்களாக்கா?"

"ஒண்ணும் குடுக்காத! விரலயும் உடாத. பயந்து முழுங்கிருவாரு."

தொண்டையில் சிக்கினால் சேலத்து ஆஸ்பத்திரிக்கு இறங்கவேண்டும். அத்தனை கொண்டை ஊசி வளைவுக்கும் மூச்சு தாங்காது. அவரை முன்னால் சாய்த்து உட்காரவைத்து முதுகைத் தாங்கிப் பிடித்தாள். அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. மலர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

கனகா குரலை மாற்றினாள். "ஏஞ்சாமி, கடைக்கு வந்துட்டு சும்மா நிக்கற? என்ன வேணும்?"

அவர் கண் அசைந்தது.

"காசிருக்குதா? குடுத்தாத்தான் சாமான்."

தன் கையை அவர் வாயருகே நீட்டினாள். பெரியவர் மெதுவாகக் குனிந்து எச்சிலோடு வில்லையை உமிழ்ந்தார்.

"வெல்லமுங்க" என்றார், சின்னப் பையனைப் போல.

மலர் வெல்லக்கட்டியை எடுக்கப் போனாள். கனகா அவளை நிறுத்தி, தண்ணீரில் கரைத்து ஒரு கரண்டி மட்டும் கொடுத்தாள். விழுங்கியதும் அவர் உள்ளங்கையை நீட்டினார்.

"மீதிங்க?"

கனகா வில்லையை இடுப்பில் செருகினாள். "சில்லறை இல்ல கண்ணு. அடுத்த சந்தைக்கு வா."

"நொம்பத்தான் ஏமாத்தறீங்க" என்று முணுமுணுத்தார் மாதப்பன்.

கனகா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அவரு மூச்சப் பாத்துக்கிட்டே இரு, மலரு" என்றாள்.