வயிற்றுக்கு ஒரு வேண்டுதல்

வயிறு நன்றாக இருக்கட்டும் என்று ராஜ்மா, கொண்டைக்கடலை, வெங்காயம், எலுமிச்சை எல்லாம் சேர்த்து சாலட் செய்து எடுத்துக்கொண்டு இன்று காலை நாமக்கல்லில் சேலம் பஸ் ஏறினேன்.

டப்பாவைத் திறந்ததுதான் தப்பு. வெள்ளிக்கிழமை வேறு.

பக்கத்து சீட் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். "எந்தக் கோயில் சுண்டலுங்க?"

"கோயில் இல்லைங்க. வயித்துக்கு நல்லதுன்னு செஞ்சது."

"வயித்துக்கு வேண்டுதலா! இப்ப தேவலையா சாமி?"

நீட்டிய கையில் ஒரு கரண்டி வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். உடனே முன்சீட்டிலிருந்தும் பின்சீட்டிலிருந்தும் கைகள் நீண்டன. பிரசாதம் இல்லை என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை.

புதுச்சத்திரம் தாண்டும்போது ஒரு பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். "பிரசாதத்துல வெங்காயம் கெடக்குதுங்களே!"

மொத்த பஸ்ஸும் என்னை முறைத்தது.

அக்காதான் சண்டைக்குப் போனார். "ஏனுங்க, கெடா வெட்டற சாமிக்கு வெங்காயம் ஆவாதுங்களா? முனியப்பன் கோயில்தானுங்க இது?"

வேகமாகத் தலையாட்டினேன். பெரியவர் சமாதானமாகி இன்னொரு கரண்டி கேட்டார். கறி, முட்டை எதுவும் வேண்டாமென்று செய்த சாலட்டைக் கிடா வெட்டுகிற சாமி வந்து காப்பாற்றிவிட்டது.

சேலத்தில் காலி டப்பாவோடு இறங்கும்போது கண்டக்டர் பத்து ரூபாயைக் கையில் திணித்தார். "எனக்கும் வயிறு சரியில்லைங்க. உண்டியல்ல போட்டுருங்க."

பசியில் வடை தின்றுகொண்டே இதை எழுதுகிறேன். வெங்காயம் சாப்பிடுகிற, வயிற்றைப் பார்த்துக்கொள்கிற முனியப்பன் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் விலாசம் அனுப்புங்கள்.