சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் பார்த்தவர்

போன கிழமை மகள் இங்கே மில்லிக்கன் என்கிற இடத்துக் கடையொன்றில் சிவப்புத் தூள் தகரப்பேணி ஒன்று வாங்கிவந்தாள். மிளகாய்த்தூளாக்கும் என்று சூடான எண்ணெயில் போட்டுவிட்டேன். இருமலும் வரவில்லை, தும்மலும் வரவில்லை. இனிப்பும் புகையுமாக ஒரு மணம் எழும்பி வந்தது. அடுப்பை நிறுத்திவிட்டு நின்றேன்.

"என்னம்மா, கருகிப்போச்சோ?"

"இல்லை. உது அந்தக் கிழவன்ரை குசினி மணம்."

"இன்னும் அந்த மனுசனிலை கோவமோ?"

"ஓம்" என்றேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

கிழவனின் பெயர் ஃபெரென்ஸ். ஹங்கேரிக்காரர். பிரெஞ்சுப் படங்களில் நடித்துவிட்டு, வயதான காலத்தில் ரொறன்ரோவில் இருந்த மகள் இலோனாவிடம் வந்து சேர்ந்தவர். இலோனா வேலைக்குப் போனபின் பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் கனடாவுக்கு வந்த புதிது. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. நாலு பேர் முன்னால் பேர் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வேலையைப் பிடித்துத் தந்தவள் பிலோமினா. மன்னார்க்காரி, அதே கட்டடத்தில் வேறொரு கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடிகரெண்டால் சும்மாவோ அக்கா? கதாநாயகன்போல இருப்பார்" என்று லிஃப்ற்றில் சொல்லிக்கொண்டு வந்தாள். கதவு திறந்தது. நீண்ட தாடை, குழிவிழுந்த கன்னம், ஒரு புருவம் மற்றதைவிட மேலே ஏறி நின்றது. பிலோமினா என் காதுக்குள் சொன்னாள்: "அக்கா, இது கதாநாயகனைக் கொல்லுறவர்."

அவள் சொன்னதுதான் சரி. ஹங்கேரியில் குழப்பம் வந்தபோது எல்லை கடந்து பாரிசுக்குப் போய், உணவுக்கடையில் கோப்பை கழுவியவராம். அந்த முகத்தை ஒரு படக்காரர் கண்டு கூட்டிப்போனாராம். அன்றிலிருந்து ஜெர்மன் அதிகாரி, ரஷ்ய உளவாளி, நகைத் திருடன், சூதாட்டக் கிளப் முதலாளி என்று நடித்திருக்கிறார். பாதிப் படத்துக்குள் யாராவது அவரைச் சுட்டுவிடுவார்கள். நமக்கு எந்த நாட்டு வெள்ளையும் வெள்ளைதான். அங்கே அப்படியில்லையாம், வெளிநாட்டுக்காரன் என்றால் கெட்டவன்தானாம்.

என்னை "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். மரியாதையில் அல்ல. கதிரையின் காலைக்கூட விரலால் தடவி, தூசியை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டுவார். என் சோற்றுப் பெட்டியைத் திறந்தால் மூக்கைப் பொத்துவார். பனிக்காலத்திலும் நான் கோட்டைப் போட்டுக்கொண்டு பல்கனியில் நின்றுதான் சாப்பிட்டேன். அவருடைய பன்றி இறைச்சியும் பப்ரிக்கா என்கிற அந்தச் சிவப்புத் தூளும் வேகிற மணமோ லிஃப்ற் வரைக்கும் போகும். அதற்கு யாரும் மூக்கைப் பொத்தக்கூடாது.

மத்தியானத்தில் தன் படங்களைக் கசெற்றில் போட்டுப் பார்ப்பார், ஆனால் சத்தமில்லாமல். வாய் அசையும், துவக்கு வெடிக்கும், ஒன்றும் கேட்காது. ரீவி பழுது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் கழிவறைக்குப் போன நேரம் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். குரல் வந்தது. தேன் ஊற்றினது போலப் பாரமான குரல். எங்கள் கிழவனின் குரலோ எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி. திரும்பி வந்தவரிடம் என் உடைந்த இங்கிலிஸில், "இது உங்கடை வொய்ஸ் இல்லையே" என்றேன். புதினம் கேட்கிற குணத்தில்தான் கேட்டேன். அவர் கையில் கிடைத்த சூப்புக் கோப்பை சுவரில் போய் உடைந்தது. துடைத்தது யார்? நான்தான்.

பின்னேரம் இலோனா விளக்கம் சொன்னாள். அப்பாவின் பிரெஞ்சில் ஹங்கேரி வாடை அடித்ததாம். கெட்டவனாக இருந்தாலும் அந்தப் படக்காரர்களுக்கு அழகாகக் கதைக்கிற கெட்டவன் வேண்டுமாம். நடித்து முடிந்ததும் வேறொருவரைக் கூப்பிட்டு இவருடைய வாய்க்குக் குரல் கொடுக்க வைத்துவிடுவார்களாம். ஒரு படத்திலும் அவருடைய குரல் இல்லை. "யாருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். நான் யாருக்குச் சொல்ல?

வசந்தத்தில் ஒரு நூல்நிலையத்தில் பழைய பிரெஞ்சுப் படம் காட்டுகிறவர்கள் அவரை அழைத்தார்கள். இலோனாவுக்கு வேலை, நான் கூட்டிப்போனேன். படத்துக்கு முதல் மருந்தை என் கையால் கொடுத்தேன், விழுங்கினார். அதில் அவருக்குச் சாகிறதற்கு முதல் நீளமாகக் கதைக்கிற வேடம். படம் முடிய சனம் எழும்பி நின்று கைதட்டியது. ஒரு பெண் மைக்கை நீட்டி, அந்தக் கடைசி வசனத்தை ஒருமுறை சொல்லும்படி கேட்டாள்.

அவர் மைக்கை வாங்கினார். வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். வாயைத் திறந்தால் குரல் வேறு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்போது அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். புருவம் மேலே ஏறியது.

"ஸ்ருப்பிட் வுமன்!"

நான் முட்டாள் பொம்பிளையாம், மருந்து கொடுக்க மறந்துவிட்டேனாம், தன்னைக் கொல்லப் பார்க்கிறேனாம். கப்பிக் குரல் மண்டபம் முழுக்கக் கிறீச்சிட்டது. அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். வசனத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள். பாவம் நோயாளி என்று அவரைத் தாங்கிப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்தார்கள். அந்தப் படத்துக் குரல் இவருடையது இல்லை என்று சொல்லுமளவுக்கு எனக்கு இங்கிலிஸ் இருந்தது. வாய்தான் இல்லை.

ரக்சியில் ஏறினதும் நோயெல்லாம் பறந்துவிட்டது. கன்னம் சிவந்து, பரிசு வாங்கின பிள்ளை மாதிரி என் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"மேடம், நல்லா நடிச்சனோ? எல்லாரும் நம்பிட்டினம், பாத்தீரோ?"

அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. "கிழடு உம்மைத் தேடுதாம் அக்கா" என்று பிலோமினா வந்து சொன்னாள். "தேடட்டும்" என்றேன்.

அவர் செத்தபோதும் போகவில்லை. இலோனா எங்கேயோ மேற்கே போய்விட்டாள், பிலோமினாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சிவப்புத் தூளைக் கண்ட அன்று மகளிடம் சொல்லி அவருடைய படமொன்றைத் தேடிப் போடச் சொன்னேன். அதே தாடை, அதே புருவம், அதே ஊரான் குரல். மகள் சத்தத்தைக் கூட்டினாள். நான் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன்.

அந்த மனுசன் தன் சொந்தக் குரலில் நடித்தது ஒரே ஒரு தரம், அந்த நூல்நிலையத்தில். அதில் எஞ்சியிருப்பது இரண்டு சொல். அந்த இரண்டையும் என் காதில்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.