அம்பு பட்ட சாமி

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இரண்டு மாடுகளை வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவள் தீர்த்தம்மாள். புருஷன் இறந்த பிறகு அந்தப் பாலிலேயே இரண்டு மகள்களையும் கட்டிக் கொடுத்துவிட்டாள். சென்ற ஐப்பசியில் அவளுடைய சினைமாடு மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்று நாள் மலையடிவாரமெல்லாம் குரல் கொடுத்துத் தேடினாள்.

களை எடுக்கும் காட்டில், சர்ச்சுக்குப் போகிற சுகுணாதான் வழி சொன்னாள்.

“எங்க அந்தோணியாருக்கு நேந்துக்கக்கா. கையில கொழந்தைய வச்சிருப்பாரு. காணாமப் போனதக் கொண்டாந்து வுட்டுருவாரு.”

“உப்பும் மொளகும் போடறேன் சாமி” என்று தீர்த்தம்மாள் நின்ற இடத்திலேயே கும்பிட்டாள். மறுநாள் விடிந்தபோது மாடு கொட்டகை முன்னால் நின்றது, கன்றோடு.

தை மாதம் சர்ச்சுத் திருவிழா என்று மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். சுகுணா மகளின் பிரசவத்துக்குப் போயிருந்ததால் தீர்த்தம்மாள் தனியாகவே கிளம்பினாள். பேண்டு வாத்தியத்தோடு தேர் வந்தது. ஜனங்கள் உப்பையும் மிளகையும் தேர்மேல் வீசினார்கள். அவள் அண்ணாந்து பார்த்தாள். குழந்தையைக் காணோம். மரத்தில் கட்டப்பட்ட ஓர் இளைஞன், உடம்பெல்லாம் அம்பு.

அவளுக்குத் திக்கென்றது. மாட்டைத் தேடிப் போன இடத்தில் சாமியை யாராவது இப்படிச் செய்துவிட்டார்களா? பின்னாலிருந்த கூட்டம் நெருக்கியதில் கையிலிருந்த பொட்டலம் தேர்மேல் கொட்டிவிட்டது.

“இவரு செபஸ்தியாருங்க. அந்தோணியாருக்கு ஜூன் மாசம்” என்றார் பக்கத்தில் நின்றவர்.

போனில் சொன்னபோது சுகுணா சிரித்தாள். “யாருக்குப் போட்டா என்னக்கா, ஒரே எடத்துக்குத்தான் போவுது.”

“மாட்டக் கொண்டாந்தவரு ஒருத்தரு, வாங்கிக்கிட்டவரு இன்னொருத்தருன்னா எப்புடிம்மா?”

ஜூனில் சுகுணாவோடு போய், குழந்தை ஏந்திய அந்தோணியார் காலடியில் வேண்டுதலைச் செலுத்தினாள். மனசு லேசாகும் என்று நினைத்தாள், ஆகவில்லை. கண் அம்பு பட்டவரைத் தேடியது. ஓரத்து மாடத்தில் மாலையில்லாமல் நின்றிருந்தார். அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. ஆனாலும் நகர முடியவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்ததும் சுகுணாவிடம் கேட்டாள்.

“அவர யாரும்மா எய்தது?”

“ராஜாவோட ஆளுங்க. சாமிய வுட மாட்டேன்னாராம்.”

“செத்துட்டாரா?”

“அம்புல சாவல. பொழச்சுக்கிட்டாரு.”

தீர்த்தம்மாள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். “அப்பறம் ஏன் அம்பெல்லாம் இன்னும் புடுங்காம வச்சிருக்கீங்க?”