எட்வின் மாஸ்டரின் காது

நல்ல காதுள்ள ஒரு மனிதரை, அவருடைய காது கெட்டுவிட்டது என்று நான் நம்பவைத்தேன். தெரிந்துகொண்டே செய்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று தள்ளிவைத்தால் சொல்லமாட்டேன்... என்னை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. அறுபதுகளில் மட்டக்களப்பு நகரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவன் நான். தபாலில் பாடம் வரவழைத்துப் படித்த தொழில். பாடத்தோடு கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். அதற்குத் தனியாக முத்திரை ஒட்டத் தேவையிருக்கவில்லை.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு யாரோ ஒரு புண்ணியவான் பழைய பெரிய அம்பிளிபயர் ஒன்றைக் கொடுத்திருந்தார். மைக்கிலிருந்து வரும் குரல் அதற்குப் போதவில்லை. அந்த மெல்லிய குரலை முதலில் தூக்கிக் கொடுக்க இன்னொரு சின்னக் கருவி வேண்டும். பிரீ-அம்ப் என்போம். வெளிநாட்டுச் சாமான் வரத்து இறுகிப்போன காலம் அது. கொழும்பில் தேடி வாங்கக் கோயிலுக்கு வசதியில்லை. நானே செய்து தருகிறேன், கடைச் சாமானுக்கு ஒரு பொட்டும் குறையாது என்று பங்குச் சுவாமியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

செத்துப்போன ரேடியோ ஒன்றின் ட்ரான்ஸ்போமர், வெட்டி வளைத்த அலுமினியத் தகடு, அங்குமிங்கும் கழற்றிய கண்டென்சர்கள்... எல்லாமே பழையவை. வால்வு ஒன்றே ஒன்று. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வின் வேலையைச் செய்வது. அதை மட்டும் புதிதாக, பெட்டி பிரிக்காததாக வாங்கினேன். கருவியின் உயிர் அதில்தான் இருக்கிறது, அதில் கஞ்சத்தனம் கூடாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

முதலில் கருவி உறுமியது. வால்வைச் சூடாக்கும் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, தகட்டின் ஓரமாகக் கொண்டுபோனேன். எர்த் கம்பிகளை எல்லாம் ஒரே புள்ளியில் சேர்த்து ஈயம் வைத்தேன். உறுமல் அடங்கிற்று. ஒலியை முழுக்கத் திருப்பினாலும் ஒரு சின்ன இரைச்சல் மட்டும்தான்... அவ்வளவு சுத்தம்! முதல் ஞாயிறு பூசையில் சுவாமியின் குரல் கடைசி வரிசை வாங்குவரை தெளிவாகப் போனது. அன்றைக்கு என் கால் நிலத்தில் பாவவில்லை.

எட்வின் மாஸ்டரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

அவர் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். தச்சுத் தொழில். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். கோயில் பாடற்குழுவை நடத்தியவர் அவர்தான். தங்கள் ஆட்களின் கலியாணங்களில் வயலின் வாசிப்பவரும் அவர்தான். ஆர்மோனியத்தில் ஒரு சுரம் மயிரிழை இறங்கினாலும் பாட்டை நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டுக் கோபப்படமாட்டார். காலில் முள் தைத்தவரைப்போல முகத்தைச் சுருக்குவார், அவ்வளவுதான். வீட்டிலும் பட்டறையிலும் அவருக்குப் பெரிதாக மதிப்பில்லை என்று கேள்வி. கோயில் மாடத்தில் நின்று கையைத் தூக்கினால் மட்டும் இருபது பேர் அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் காது ஒன்றுதான் அவருடைய சொத்து என்று இப்போது எனக்குப் படுகிறது.

என் கருவி வந்த இரண்டாம் வாரம், பாடற்குழுவும் அந்த மைக்கில் பாடிப் பார்த்த ஒத்திகை முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“தம்பி, மேல் ‘லா’ வரக்குள்ள பின்னால ஒரு மணி அடிக்கிது. சின்னதா. பாட்டு நிண்ட பிறகும் கொஞ்ச நேரம் நிக்கிது.”

அந்தச் சுரத்தை வாய்க்குள் முனகியும் காட்டினார். எனக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கவில்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும். எனக்கு மின்சாரம் தெரியும், சங்கீதம் தெரியாது. ஒரு சுரத்தையும் மறு சுரத்தையும் பிரித்தறியாதவன் நான். ரேடியோக்காரனுக்கு இது வெட்கம் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை.

கருவியைக் கடைக்குக் கொண்டுபோய் மீட்டரை வைத்து இடத்துக்கு இடம் அளந்தேன். எல்லாம் கணக்குச் சரி. மைக் கம்பியை மாற்றினேன். கண்டென்சர் இரண்டை மாற்றினேன். புது வால்வை மட்டும் சந்தேகிக்கவில்லை. புதியதில் என்ன பிழை இருக்கப்போகிறது? பிறகு, ஒலிபெருக்கிகளின் மரப்பெட்டிதான் அதிருகிறது என்று அவரிடமே சொன்னேன். அந்தப் பெட்டிகளைச் செய்தது அவர். மனிதர் முகம் கோணாமல் இரண்டையும் கழற்றிக்கொண்டு போய், மூட்டுகளைப் பிரித்துத் திரும்பப் பசை வைத்து, உள்ளுக்குத் தேங்காய்த் தும்பு அடைத்துக் கொண்டுவந்தார்.

மணி அப்படியே இருக்கிறது என்றார்.

பாடற்குழுப் பெண்களைக் கேட்டேன். சுவாமியைக் கேட்டேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எல்லாரும் நிற்க, சிரித்துக்கொண்டே சொன்னேன்:

“மாஸ்டர், மணி அடிக்கிறது மெஷினுக்குள்ள இல்ல. உங்கட காதுக்குள்ள.”

சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதுவரைக்கும் நான் செய்தது அறியாமை. அதற்காக நான் உங்களிடம் வரவில்லை.

தவக்காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் பெருநாளான உயிர்த்த ஞாயிறுக்குப் பெரிய பாட்டொன்றை அவர் பழக்கிக்கொண்டிருந்தார். ஆனால் பாட்டின் நடுவில் நிறுத்தி, தலையைச் சரித்து, எதற்கோ காத்திருப்பவரைப்போல நிற்கத் தொடங்கினார். காது பார்க்கும் டொக்டரிடம் போனதாகச் சொன்னார்கள். உள்ளுக்கு ஒரு பழுதும் தெரியவில்லை, சுத்தியல் சத்தத்தோடு வாழ்கிற ஆளுக்கு இந்த வயதில் காது இரைவது உண்டு என்றாராம் டொக்டர். வேறு என்ன சொல்வார்? அவர் என் கருவியைப் பார்க்கவில்லையே!

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய புதன்கிழமை, பின்னேரம், நான் தனியாகக் கோயிலுக்குப் போனேன். வாவிக்காற்று படும் இடத்தில் இணைப்புகள் பச்சை பிடிக்கும். துடைத்துவிட்டால் பெருநாளுக்கு நல்லது என்று நினைத்தேன். மூடியைத் திறந்து, கருவியை ஓடவிட்டபடியே உள்ளே பார்த்தேன். காதில் செருகியிருந்த பென்சில் நழுவி வால்வின் மேல் விழுந்தது.

ணங்...

வெறுங் கோயிலின் இரண்டு ஒலிபெருக்கிகளிலும் மணி அடித்தது. அடித்து, நின்று, மெல்லக் கரைந்தது.

திரும்பத் தட்டினேன். திரும்ப அடித்தது. சுரம் தெரியாத எனக்கே தெரிந்தது, அவர் முனகிக் காட்டிய அதே சத்தம்!

பாடத்தில் படித்ததுதான். கண்ணாடிக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் சரியாக இறுகாவிட்டால் வால்வே ஒரு மைக் ஆகிவிடும். ஒலிபெருக்கியின் சத்தம் பட்டால் அதிரும். அந்த அதிர்வைத் திரும்ப ஒலிபெருக்கிக்கே அனுப்பும். எல்லாச் சுரத்துக்கும் அதிராது. தனக்கு ஒத்த ஒரு சுரத்துக்குத்தான். என் கடையில் ஒலிபெருக்கியைச் சின்னதாக வைத்துச் சோதித்ததால் அது வாயைத் திறக்கவேயில்லை. பென்சிலால் ஒரு தட்டு... முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை. புது வால்வு என்ற பெருமையில் செய்யாமல் விட்டேன்.

கடைக்குப் போய், பழைய ரேடியோகிராம் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த அதே இன வால்வை எடுத்துவந்து போட்டேன். தட்டினேன். ஒரு மெத்தென்ற சத்தம், அவ்வளவுதான். புதியதைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நேரே மாஸ்டர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பத்து நிமிட நடை. ஏன் போகவில்லை? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள், பெருநாள் முடியட்டும் என்று நினைத்தேன். எத்தனை பேருக்கு முன்னால் சிரித்துச் சொன்னேன்... அத்தனை பேருக்கு முன்னாலும் திரும்பச் சொல்ல வேண்டுமே! என் கணக்கெல்லாம் அதுதான்.

குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள் காலை அவரே கடைக்கு வந்தார். கடையில் வேறு ஒருவரும் இல்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட அங்கே யாரும் இருக்கவில்லை.

“நேத்து மணி கேக்கல்ல தம்பி,” என்றார். “ஒருக்காலும் கேக்கல்ல. நீ ஏதும் மாத்தினியா?”

கதவைத் திறந்து, இந்தா வா என்று கையைக் காட்டுவதைப்போல இருந்தது அந்தக் கேள்வி. அவர் முகத்தில் ஆசையும் இருந்தது. ஓம் மாஸ்டர் என்று இரண்டு சொல் போதும். அவர் என்னைத் திட்டியிருக்கவும் மாட்டார். சந்தோஷத்தில் என் தோளைத் தட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

“நான் ஒண்டும் தொடல்ல, மாஸ்டர்.”

எவ்வளவு இலகுவாக வந்தது தெரியுமா? கையிலிருந்த ஈயம் பற்றவைக்கும் கோலைக்கூடக் கீழே வைக்கவில்லை.

தச்சருக்கே உரிய நேரான புத்தி அவருக்கு. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்திருப்பார். கருவியை யாரும் தொடவில்லை, சத்தம் மட்டும் போய்விட்டது. அப்படியானால் அந்தச் சத்தம் ஒருநாளும் கருவியில் இருந்ததில்லை.

“அப்ப என்ட காதுதான்,” என்றார். “வருது, போகுது. இனி எதைக் கேட்டாலும் நம்பேலாது.”

அன்றே சுவாமியிடம் போய்க் குழுவை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார். பெருநாளுக்கு ஆறு நாள் இருந்தது. ஆர்மோனியம் வாசித்த ஆசிரியர் ஒருவர் பொறுப்பெடுத்தார். உயிர்த்த ஞாயிறன்று எட்வின் மாஸ்டர் கீழே, மற்றவர்களோடு வாங்கில் இருந்தார். பாட்டு மேலே போகும்போது கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பூசையில் என் கருவி ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். சுவாமியும்தான்.

மாஸ்டர் வயலினையும் விட்டுவிட்டார். கலியாணத்துக்குக் கேட்டு வருகிறவர்களிடம் காது சரியில்லை என்று சொல்லி அனுப்பினாராம். எத்தனையோ தடவை அவர் பட்டறை வாசல்வரை போனேன். ஜன்னல் சட்டம் ஒன்றை விலை கேட்டேன். கதிரை ஒன்றைத் திருத்தக் கொடுத்தேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், நான் கதிரையைப் பற்றிப் பேசுவேன். நான் கோழையா, அல்லது கெட்டவனா? கோழை என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் சுகமாக இருக்கிறது. அதனால் அதையும் நான் நம்புவதில்லை.

நாலு வருஷம் அப்படியே போனது. அவருடைய பிள்ளைகள் அவுஸ்திரேலியாவுக்குப் போக முடிவெடுத்தார்கள். போவதற்கு முன் கடைசி மகளுக்கு இங்கேயே கலியாணம். மகள் பிடிவாதம் பிடித்திருக்கிறாள், அப்பா வாசிக்காமல் தான் ஆடமாட்டேன் என்று.

ஒருநாள் காலை மாஸ்டர் வயலினோடு கடைக்கு வந்தார். ரேடியோவை நிறுத்தச் சொன்னார். நாலு நரம்பையும் முறுக்கி, இரண்டிரண்டாக வில்லால் இழுத்து, காதை அதன்மேல் வைக்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

“சரியா இருக்கா தம்பி?”

எனக்கு எப்படித் தெரியும்? நாலு சத்தம் கேட்டது. தெரிந்தது அவ்வளவுதான்.

“ஓம் மாஸ்டர். சரி.”

அவருக்கு முகம் தெளிந்தது. “கலியாணத்தில நீ முன்னுக்கு இரு,” என்றார். “பிசகினா கையத் தூக்கிக் காட்டு, நான் நிப்பாட்டுறன். ஆக்களுக்கு முன்னால வெக்கப்பட ஏலாது. உன்ட காதத்தான் நம்பி வாசிக்கப்போறன்.”

அப்போதும் சொல்லியிருக்கலாம்! மணி அடித்த அந்த வால்வு மேசை இழுப்பறையில்தான் இருந்தது. நான் வருகிறேன் என்றேன்.

முன்வரிசையில் இருந்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும் ஆடினார்கள், சுற்றிலும் கைதட்டினார்கள், தரை அதிர்ந்தது. எட்வின் மாஸ்டர் யாரையும் பார்க்கவில்லை. மகளைக்கூட அதிகம் பார்க்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என் வலது கையையே பார்த்துக்கொண்டு வாசித்தார். நான் அந்தக் கையை முழங்காலில் வைத்து, மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மூக்கில் ஈ இருந்தபோதும் அசைக்கவில்லை. அன்று அவர் நன்றாக வாசித்தாரா என்று நீங்கள் கேட்டால்... எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

எல்லாம் முடிந்து, வியர்வை வழிய, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தார்.

“நீ இல்லாட்டி நான் வாசிச்சிருக்க மாட்டன் தம்பி,” என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.